குப்பை என்று சொல்லப் பழகியவள்

கொடுங்கையூர் பட்டம்மாளின் மகள் ரேகா ஏசி ரூமில் உட்கார்ந்து குப்பை பொறுக்குகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே பட்டம்மாள்தான். முப்பது வருஷம் குப்பைமேட்டில் கொக்கிக் கம்பியோடு அலைந்தவள் அவள். முழங்கால் இரண்டும் போன பிறகு, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பதுதான் அவளுக்கு மிச்சமிருக்கிற உத்தியோகம்.

"நான் வெயில்ல பொறுக்குனேன். எம்பொண்ணு கண்ணாடி ரூம்புல குந்திகினு பொறுக்குறா. இதுக்குப் போயி காலேஜிக்கு வேற அனுப்புனேன் பாரு" என்பாள்.

கேட்கிறவர்களுக்கு அலுப்பு போலத் தெரியும். உள்ளே இருப்பது அத்தனையும் பெருமை. மகள் கால் அந்த மேட்டில் படக்கூடாது என்று அவள் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டாள் என்பது தெருவுக்குத் தெரியாது, ரேகாவுக்குத் தெரியும்.

ரேகாவின் ஆபீஸ் டோல்கேட் பக்கத்தில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அங்கே அவள் முன்னால் இருக்கிற கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக் குப்பையின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் குப்பையைத் தானே பிரிக்கிற எந்திரம் ஒன்று செய்கிறார்கள். அந்த எந்திரத்துக்குக் கண் இருக்கிறது, விவரம் போதாது. எது குப்பை, எது எடுத்து வைக்க வேண்டிய சாமான் என்று லட்சக்கணக்கான படங்களில் யாராவது காட்டிக் கொடுத்தால்தான் அதற்கு விளங்கும். அந்த யாராவது ரேகா. படத்தில் இருக்கிற ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் மவுஸால் ஒரு கட்டம் போட வேண்டும். இன்னும் பயன்படும் என்றால் பச்சைக் கட்டம், குப்பை என்றால் கறுப்புக் கட்டம். அவ்வளவுதான் வேலை.

இதற்கு முன்னால் அவள் திருவொற்றியூரில் ஒரு தோல் கையுறைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். எங்கோ பனியில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே வேர்க்க வேர்க்கக் கையுறை தைத்தார்கள். ஒரு நாள் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே கூலி இன்னும் மலிவாம். ஆர்டர் கிளம்பிப் போனதை யாரும் பார்க்கவில்லை, கேட்டில் பூட்டுத் தொங்கியதைத்தான் பார்த்தார்கள். அவள் புருஷன் மணி எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். நடைக்கு இவ்வளவு என்று கூலி. கன்டெய்னர் வராத வாரத்தில் வண்டியும் சும்மா நிற்கும், வீட்டு அடுப்பும் முறைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கம்ப்யூட்டர் வேலை வந்தது. மாதச் சம்பளம், பி.எஃப் பிடித்தம், கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை. டீம் லீடர் தப்ரேஸ் முதல் நாளே பெருமையாகச் சொன்னான். "இந்த வேலய அவங்க ஊர்லயே ஆள் வெச்சி செஞ்சிகினு இருந்தாங்க. நம்ப சல்லீசா முடிச்சிக் குடுக்குறோம்னு இங்க அனுப்பிட்டாங்க."

போன தடவை ஆர்டர் நம்மை விட்டுப் போனது, இந்தத் தடவை நம்மைத் தேடி வந்திருக்கிறது என்று ரேகாவுக்கு சந்தோஷம். அங்கே வேலை போனவர்கள் யார், இப்போது என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் அவளுக்கு நினைக்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? சோறு வருகிற பாதையை எட்டிப் பார்த்துவிட்டா சாப்பிடுகிறோம்?

ஆனால் சல்லீசு என்பது ஓரிடத்தில் நிற்கிற சமாச்சாரம் இல்லையே. கென்யாவில் இன்னும் குறைவாகக் கேட்கிறார்கள் என்று முதலில் பி.எஃப் போயிற்று. அப்புறம் மாதச் சம்பளம் போய், படத்துக்கு இவ்வளவு காசு என்று ஆனது. அதன் பிறகு அந்தக் காசும் இரண்டு தடவை குறைந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஏசியை மட்டும் குறைக்கவில்லை, அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது.

கடைசியில் ஒரு நாள் தப்ரேஸ் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினான். இந்த மாதக் கடைசியில் பாதிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம். வெளிநாட்டுக் கம்பெனி அவரவர் படங்களைப் பார்த்துப் போட்டிருக்கிற மார்க்கை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். ரேகாவின் மார்க் கீழிருந்து மூன்றாவதாக இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேகத்தில் அவளுக்கு யாரும் ஈடில்லை. கட்டம் போட்டால் ஒரு பிசிறு இருக்காது. பிறகு எங்கே போயிற்று மார்க்?

தப்ரேஸ் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

"இன்னாக்கா இது? ஒடஞ்ச பக்கெட்டுக்குப் பச்ச போட்டு வெச்சிகீற?"

"எங்க ஒடஞ்சிகீது? கைப்பிடிதான் இல்ல. ஒரு கம்பியக் கட்டுனா தண்ணி புடிக்கலாம்."

"யாருக்கா கம்பி கட்டுவா? அவங்க ஊர்ல கொழாயத் தொறந்தா தண்ணி வருது."

"அப்போ செடி வெச்சிக்கட்டும்."

"அக்கா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் தப்ரேஸ்.

பின்னால் உட்கார்ந்திருந்த உஸ்மா சிரித்துவிட்டாள். "ரேகாக்காவ அந்த ஊருக்கே அனுப்பிடலாம் பாய். கப்பல் நெறைய இட்டாந்துருவாங்க" என்றாள்.

அது ஒரு பக்கெட்டோடு நிற்கவில்லை. மூடியுள்ள, அடியில் கறை படிந்த கண்ணாடி பாட்டிலுக்குப் பச்சை போட்டிருந்தாள். மசாலாத் தூள் கொட்டி வைக்க ஆகாதா? ஒரு கால் போன நாற்காலிக்குப் பச்சை. மூன்று செங்கல் வைத்தால் தீர்ந்தது. கிழிந்த தார்ப்பாயும் பச்சைதான், மழைக்காலத்தில் ஓட்டுக்கு மேல் போட அதைத் தேடி அலைகிறவர்கள் அவள் தெருவிலேயே எத்தனை பேர்! கம்பெனி கொடுத்த விதியில் தெளிவாகத்தான் இருந்தது: எந்த இடத்தில் உடைந்திருந்தாலும், கிழிந்திருந்தாலும், கறை இருந்தாலும் அது குப்பை. அவள் அதைப் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் பச்சை போட்டாள். உடைந்தது என்று எழுதியிருந்ததை, இனி எதற்கும் ஆகாதது என்று அவள் அர்த்தம் பண்ணிக்கொண்டாள். கொடுங்கையூரில் பிறந்தவளுக்கு வேறெப்படி அர்த்தமாகும்?

"இவ்ளோ நாளா செக்கர் ஓகே குடுத்துகினுதானே கீறாங்க?" என்றாள் ரேகா.

செக்கர் என்பது அவள் போட்ட கட்டங்களைச் சரிபார்த்து அனுப்புகிறவர். ரேகாவின் செக்கர் கென்யாவில் இருக்கிற ஒருத்தி. முகம் தெரியாது, குரல் தெரியாது. படத்துக்குக் கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் எப்போதாவது ஒரு வரி எழுதுவாள், அதில் தன் பெயரையும் போடுவாள். வஞ்சிரு. "இன்னாக்கா, மீன் பேரா கீது?" என்று உஸ்மா முதல் நாளே கேலி செய்தாள். அந்தக் கைப்பிடி இல்லாத பக்கெட்டின் கீழே வஞ்சிரு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'நாங்களும் இதில்தான் தண்ணீர் பிடிப்போம்.' நாற்காலிக்குக் கீழே: 'என் அண்ணன் இதைச் சரிசெய்துவிடுவான்.' ரேகா போட்ட ஒவ்வொரு பச்சைக்கும் அவள் சரி போட்டிருந்தாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒரே தப்பை மாதக்கணக்கில் ஒற்றுமையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

ரேகாவுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

அன்றிலிருந்து அவள் கண்ணைப் பழக்க ஆரம்பித்தாள். உடைந்ததா, கறுப்பு. கறையா, கறுப்பு. யோசனை வருவதற்குள் கை போய்விட வேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இரண்டு வாரத்தில் அவள் கண்ணும் நகர்ந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது கூடக் கட்டம் போட்டுக்கொண்டே நடந்தாள். மீன் விற்கிற அம்மாவின் உடைந்து கட்டு போட்ட தெர்மோகோல் பெட்டி, கறுப்பு. கறை படிந்த டீக்கடை பெஞ்ச், கறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள். கூரைக்காக எடுத்து வைத்திருந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர், மூடி போன டப்பாக்கள், ஆடுகிற ஸ்டூல், எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தெருமுனையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

பட்டம்மாள் அந்த முழங்காலோடு போய் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"யாருடி சொன்னது இத்த எல்லாம் குப்பன்னு?"

"கம்பெனில அப்டித்தாம்மா."

"கம்பெனிக்காரன் இன்னா நம்ப வூட்ல குந்திகினா கீறான்? நான் குந்த ஸ்டூல் கெடயாதா?"

அம்மாவைப் பார்க்கவே ரேகாவுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது மனசில் ஒரு லேசான சுகம் இருந்ததே, அதை நினைத்துத்தான் கூச்சம்.

புதிதாகப் போட்ட படங்களுக்கெல்லாம் மார்க் நன்றாக வந்தது. ஆனால் பழைய பச்சைகள் காலைக் கட்டிய கல்லாய் அவளைக் கீழேயே வைத்திருந்தன. மாதக் கடைசி நெருங்கியது. தப்ரேஸ் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வழி கீதுக்கா. பழைய படத்துல போயி, செக்கர் தப்பா ஓகே குடுத்ததால நானும் அப்டியே பழகிட்டேன்னு புகார் போடு. பழி அவங்க மேல போயிடும், உன் மார்க்கு உன்கிட்ட வந்துடும்."

"அவ வேல போயிடுமே தப்ரேஸு."

"போவும். நீ போடலன்னா உன் வேல போவும். இங்க பாதிப் பேரு அவங்கவங்க செக்கர் மேல போட்டுட்டாங்க."

"உஸ்மா?"

"அது போடமாட்டேன்னிச்சு. எனுக்கு மட்டும் இன்னா ஆசயா சொல்லு? நான் இன்னா பண்ணட்டும்?" என்று எழுந்து போய்விட்டான்.

அவனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அவனுக்கும் மேலே ஒருத்தன் மார்க் போட்டுக்கொண்டிருந்தான். ரேகா வஞ்சிருவின் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து பார்த்தாள். எந்தப் படத்திலும் புகார்ப் பொத்தானைத் தொட மனசு வரவில்லை. இன்னொருத்தி வாயில் மண்ணைப் போட்டுத் தான் சோறு தின்பதா என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் ஒரு மேஸ்திரி நின்றிருந்தார். குப்பைமேட்டில் பிரிக்கிற வேலையைப் புதிதாக எடுத்திருக்கிற கான்ட்ராக்டரின் ஆள். நாள்கூலிக்குப் பெண்கள் வேண்டுமாம். பழைய ஆட்களுக்குக் கொடுத்ததைவிடக் கூலி குறைவு, அதற்கும் போட்டியாம்.

"உம்பொண்ணுக்கு ஆபீஸ் வேல நெலைக்காதுன்னு பேசிக்கிறாங்களே பட்டம்மா. மேட்டு வேல உங்க குடும்பத்துக்குப் பழக்கந்தானே, அனுப்பு" என்றார் மேஸ்திரி.

பட்டம்மாள் வாயில் வந்ததையெல்லாம் எழுத முடியாது. மேஸ்திரியின் மூன்று தலைமுறையை இழுத்துப் போட்டுத் துவைத்தாள். "எம்பொண்ணு காலு அங்க படாது! நான் செத்தாலும் படாது! நடய கட்டு!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மேஸ்திரி போன பிறகு, அம்மா தன் பழைய கொக்கிக் கம்பியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைப்பதை ரேகா பார்த்தாள். இந்தக் கிழவி இப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் ரேகா முதல் வேலையாகப் புகார் போட்டாள். ஒரு படத்துக்கு மட்டும் போட்டால் போதாது, எல்லாவற்றுக்கும் போட வேண்டும். தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டுக்குப் போட்டாள். அண்ணன் சரிசெய்கிற நாற்காலிக்குப் போட்டாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. உஸ்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் உஸ்மா வேலையை விட்டு நிறுத்தப்பட்டாள். வஞ்சிருவின் பெயர் அதற்கு முன்பே திரையிலிருந்து போய்விட்டது. ரேகாவின் மார்க் மேலே ஏறியது.

ஏறியதோடு நிற்காமல் அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது. இனிமேல் அவளே செக்கர். பேர்தான் பெரிசு, காசு அதேதான். கட்டம் போடுகிற வேலை இப்போது மடகாஸ்கருக்குப் போய்விட்டது. கென்யாவைவிட மலிவான இடம் ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது! அங்கே யாரோ போட்டு அனுப்புகிற கட்டங்களை ரேகா சரிபார்க்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே ஒருத்தி மாட்டினாள். பெயர் தெரியாது, எண் மட்டும்தான். ஒரு சக்கரம் இல்லாத குழந்தைத் தள்ளுவண்டிக்குப் பச்சை போட்டிருந்தாள். ரேகா அதைத் தப்பு என்று அடித்து, கறுப்பாக்கி, 'உடைந்தது' என்று காரணம் எழுதி அனுப்பினாள். அடுத்த படத்தில் பிடி உடைந்த வாணலிக்குப் பச்சை. அதையும் அடித்தாள். ஒரு நாள் முழுக்க இதே கதை. சாயங்காலம் தள்ளுவண்டிப் படத்துக்குக் கீழே அங்கிருந்து ஒரு வரி வந்திருந்தது. அரைகுறை ஆங்கிலம். 'ஒரு சக்கரம்தானே இல்லை? கிடைத்தால் என் பிள்ளையை இதில் வைத்துத் தள்ளுவேனே.'

இவளுடைய மார்க் இப்போது எங்கே இருக்கும் என்று ரேகாவுக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்பதும் தெரியும். வஞ்சிரு செய்ததைப் போல சரி சரி என்று போட்டால் இரண்டு பேரும் சேர்ந்துதான் மூழ்க வேண்டும். தப்பு தப்பு என்று போட்டுக்கொண்டே போனால் அவள் மட்டும் மூழ்குவாள், ரேகாவின் மார்க் ஏறும். அதுதான் செக்கர் வேலை. தனக்கு இதைச் சொல்ல ஒரு தப்ரேஸ் இருந்தான். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

குறிப்பில் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ரேகா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து எழுதினாள். 'உடைந்ததெல்லாம் கறுப்பு. கறை இருந்தால் கறுப்பு. உன் வீட்டை நினைக்காதே, அவர்கள் வீட்டை நினை. இல்லாவிட்டால் உன்னை எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து கறுப்பு போடு.'

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் மறுநாள் வந்த படங்களில் பாதிக்கு மேல் சரியாக இருந்தன. மிச்சத்துக்கும் ரேகா பொறுமையாக எழுதினாள். அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், கெட்டிக்காரி. கூட இருக்கிறவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாள் போலிருக்கிறது, மற்ற எண்களிலிருந்து வந்த படங்களும் சரியாக வர ஆரம்பித்தன. நல்ல நல்ல சாமான்களுக்கெல்லாம் வரிசையாகக் கறுப்புக் கட்டம். ரேகா ஒவ்வொன்றுக்கும் சரி போட்டாள். ஒருத்தியையாவது கரை சேர்த்தோம் என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில்தான் அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வாள். பட்டம்மாளும் தினம் கேட்பாள், "அந்தப் புள்ள இன்னிக்கு எத்தினி தப்பு பண்ணிச்சி?" என்று. வஞ்சிரு சமாச்சாரத்தை மட்டும் ரேகா வீட்டில் மூச்சு விடவில்லை. மணிக்கும் தெரியாது.

ஒன்றரை மாதம் போயிருக்கும். தப்ரேஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். முகத்தைப் பார்த்தே ரேகாவுக்கு விளங்கிவிட்டது.

"அந்த டீம்ல தப்பே வர்றதில்லயாம்க்கா. இனிமே செக்கர் தேவயில்ல, நேரா எங்களுக்கே அனுப்பட்டும்னு சொல்லிட்டாங்க."

"நான் நல்லா பாத்துகினு இருந்தேனே தப்ரேஸு."

"நல்லா பாத்தது இல்லக்கா, நல்லா கத்துக் குடுத்துட்ட. செக்கர் வேல இன்னா? தப்பக் கண்டுபுடிக்கிறது. தப்பே இல்லன்னா அப்புறம் செக்கர் எதுக்குன்னு கேக்குறான். நான் இன்னா பதில் சொல்றது?"

ரேகா கழுத்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். டயர் கடைக்காரர் வழக்கம்போல "இன்னாம்மா, சீக்கிரம் கெளம்பிட்ட?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

வீட்டில் பட்டம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் இருக்கும்போதே மகள் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. கத்துவாள், கம்பெனிக்காரனைத் திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று ரேகா பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். பட்டம்மாள் கத்தவில்லை.

"அந்தப் புள்ளைக்கு வேல தங்கிச்சா?" என்று கேட்டாள்.

"தங்கிச்சும்மா."

"சரி, வுடு. நீயாவது ஒருத்திக்கு நல்லது பண்ண. உன்னால யாரு வேலயும் போவல, அது போதும். மேட்டுக்கு நீ போவ வேணாம், வேற எங்கனா பாத்துக்கலாம். வா, குந்து."

அதைக் கேட்டதும் ரேகா உடைந்துபோனாள். படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பட்டம்மாள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, கஷ்டப்பட்டுக் குனிந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மகள் வேலை போனதற்குத்தான் அழுகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.